பத்தாயிரத்துக்குள் முகமும் ஜிமிக்கியும்: ஒரு லென்ஸ் தேர்வின் பதிவு

அக்கா மகளுக்குப் பரதநாட்டிய அரங்கேற்றம். அழைப்பிதழுக்கு முகப்படம் வேண்டும். ஆல்பத்துக்கு நகைகளின் நெருக்கப் படங்கள் வேண்டும்: நெற்றிச்சுட்டி, ராக்கொடி, ஜிமிக்கி, கெம்புக்கல் பதித்த ஒட்டியாணம், அல்தா பூசிய விரல் நுனி. எடுக்கும் பொறுப்பை மாமாவான நான் ஏற்றுக்கொண்டேன். கையில் இருந்தது கேனன் 1500டி, அதோடு பெட்டியில் வந்த 18-55 மி.மீ. கிட் லென்ஸ் (இந்த எண் லென்ஸின் குவியத்தூரம்; எண் கூடக் கூடக் காட்சி நெருங்கித் தெரியும்). லென்ஸுக்கும் மற்ற சாமான்களுக்கும் சேர்த்துப் பத்தாயிரம் ரூபாய் ஒதுக்கினேன். சிறிய பொருளைப் பெரிதாக எடுப்பதற்கென்றே செய்த மேக்ரோ லென்ஸ் இந்தத் தொகைக்குப் புதிதாக வராது. ஆனாலும் முகம், நகை இரண்டையும் நன்றாக எடுக்க வழி இருக்கிறது. அதைத்தான் எழுதுகிறேன்.

எந்த லென்ஸ் என்று விசாரிக்கும் முன் ஸ்கேலை எடுத்து நகைகளை அளந்தேன். நெருக்கப் படம் எடுக்க நினைக்கும் எல்லோருக்கும் நான் முதலில் சொல்வது இதுதான். நெற்றிச்சுட்டியின் பதக்கம் 3 செ.மீ., ஜிமிக்கி 4 செ.மீ. உயரம், ராக்கொடி 6 செ.மீ., ஒட்டியாணத்தின் நடுப்பதக்கம் 8 செ.மீ.க்குக் கொஞ்சம் குறைவு, மூக்குத்தி 1 செ.மீ. கூட இல்லை. என் கேமராவின் சென்சார், அதாவது படம் பதியும் தகடு, 22.3 மி.மீ. அகலம், 14.9 மி.மீ. உயரம். ஒவ்வொரு லென்ஸின் விவரத்தாளிலும் அதன் அதிகபட்ச உருப்பெருக்கம், அதாவது பொருளின் அளவில் எத்தனை பங்கு சென்சாரில் விழும் என்ற எண், போட்டிருக்கும். சென்சாரின் அகலத்தை அந்த எண்ணால் வகுத்தால், படத்தில் அடங்கக்கூடிய மிகச் சிறிய பரப்பின் அகலம் கிடைத்துவிடும். எதை வாங்கலாம், எது வேண்டாம் என்பதில் பாதியை இந்த ஒரு கணக்கே முடித்துவிடுகிறது.

1500டி-யோடு வரும் 18-55 ஐஎஸ் 2 லென்ஸின் உருப்பெருக்கம் 0.34. அதாவது 55-இல் வைத்து எவ்வளவு நெருங்க முடியுமோ அவ்வளவு நெருங்கினால், ஏறக்குறைய 66 மி.மீ. அகலம் படத்தை நிரப்பும். எல்லோரும் முதலில் வாங்கச் சொல்லும் 50 எம்எம் எஃப்/1.8 எஸ்டிஎம் லென்ஸுக்கு (எஸ்டிஎம் என்பது ஃபோகஸ் மோட்டாரின் வகை) இது 0.21தான். அதில் 106 மி.மீ.க்குக் கீழே இறங்க முடியாது. வெறும் நெருக்கம் மட்டும் தேவையென்றால், விலை கொடுத்து வாங்கும் 50-ஐ விடச் சும்மா வந்த கிட் லென்ஸ் மேல்! இது தெரியாமல் 50-ஐ வாங்கிவிட்டு, பூவுக்குக் கிட்டே போனால் ஃபோகஸ் ஆகவில்லை என்று திகைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இன்னொரு விஷயம். லென்ஸில் எழுதியிருக்கும் குறைந்தபட்சத் தூரம் முன் கண்ணாடியிலிருந்து அளப்பதல்ல. கேமராவின் மேல்பக்கம் ஒரு வட்டத்தை ஒரு கோடு வெட்டிச் செல்வதுபோல் சின்னக் குறி இருக்கும். சென்சார் இருக்கும் இடம் அது; தூரத்தை அங்கிருந்துதான் அளக்க வேண்டும். 50 எஸ்டிஎம்முக்கு 35 செ.மீ. என்றால் அதில் கேமராவின் கனமும் லென்ஸின் நீளமும் அடக்கம்.

சரி, கிட் லென்ஸே போதுமே என்று விட்டிருக்கலாம். முகம்தான் விடவில்லை. 55-இல் அதன் துளை எஃப்/5.6-க்கு மேல் திறக்காது (எஃப் எண் குறைந்தால் துளை பெரிது). எங்கள் வீட்டுக் கூடத்தில் பெண்ணை உட்கார வைத்து எடுத்தால் பின்னால் ஜன்னல் கம்பி, டிவி, நாள்காட்டி எல்லாம் தெளிவாக விழுகின்றன. நாள்காட்டியில் தேதியைப் படிக்கலாம். பின்னணி கரைய வேண்டும், மாலை வெளிச்சத்திலும் ஐஎஸ்ஓவை (சென்சாரின் ஒளி உணர்வை) ஏற்றாமல் எடுக்க வேண்டும். இரண்டுக்கும் அகலத் திறக்கும் லென்ஸ் வேண்டும்.

முகப்படம் என்றால் 85 எம்எம் என்று பலர் சொல்வார்கள். பெரிய சென்சார் உள்ள ஃபுல்ஃபிரேம் கேமராவுக்கு அது பொருத்தம். 1500டி-யில் இருப்பதுபோன்ற, கிராப் எனப்படும் சிறிய சென்சாரில் 1.6-ஆல் பெருக்க வேண்டும்: 50 போட்டாலே 80 போலத் தெரியும், 85 போட்டால் 136 ஆகிவிடும். முகத்தின் வடிவத்தைக் கெடுப்பதோ காப்பதோ லென்ஸின் எண் அல்ல, நாம் நிற்கும் தூரம். கிட்டே போனால் மூக்கு பெரிதாகும், காது பின்வாங்கும். ஒன்றரை மீட்டராவது தள்ளி நின்றால் முகம் முகமாக இருக்கும். அந்தத் தூரத்தில் 50 எம்எம் தலையும் தோளும் அளவாக அடங்கும் சட்டத்தைத் தருகிறது. அதே சட்டத்துக்கு 85 போட்டால் இரண்டரை மீட்டர் பின்னால் போக வேண்டும். அரைமண்டியில் முழு உருவம் எடுக்க 50-க்கே நாலு மீட்டர் ஆகும், 85-க்கு ஏழு. பத்துக்குப் பத்து அறையில் அது நடக்காது. கதவைத் திறந்து மாடிப்படியில் நின்றுதான் எடுக்க வேண்டும். சென்னை அடுக்குமாடி வீட்டில் கிராப் கேமரா வைத்திருப்பவருக்கு 50-தான் சரி என்பது என் உறுதியான கருத்து. வெளியில், செம்மொழிப் பூங்கா மாதிரி இடத்தில் மட்டும் எடுப்பவர் 85-ஐ யோசிக்கலாம். ஆனால் கேனனின் 85 எஃப்/1.8 நகைக்கு உதவாது. அதன் உருப்பெருக்கம் 0.13.

ஒரே லென்ஸில் இரண்டு வேலையும் முடியாதா என்று அக்கா கேட்டாள். முடியும். கேனனில் ஈஎஃப்-எஸ் 60 எம்எம் எஃப்/2.8 மேக்ரோ, நிக்கானில் 40 எம்எம் எஃப்/2.8 மைக்ரோ, டாம்ரானின் 90 எம்எம் மேக்ரோ, எல்லாமே 1:1 வரை (பொருள் தன் முழு அளவில் சென்சாரில் விழும் வரை) போகும், முகமும் அழகாக எடுக்கும். பழையதாகவே வாங்கினாலும் நல்ல நிலையில் என் தொகைக்குள் எதுவும் அமையவில்லை. நிக்கான் 40-இல் இன்னொரு சங்கடம், 1:1 எடுக்க சென்சாரிலிருந்து 16.3 செ.மீ. வரை நெருங்க வேண்டும். லென்ஸுக்கும் பொருளுக்கும் நடுவே சில செ.மீ.தான் மிஞ்சும், லென்ஸின் நிழலே நகைமேல் விழும். ஒரே ஒரு நிகழ்ச்சிக்கு மட்டும் வேண்டும் என்றால் 100 எம்எம் மேக்ரோவை ஒரு நாள் வாடகைக்கு எடுப்பதுதான் கெட்டிக்காரத்தனம். நம் ஊரில் லென்ஸ் வாடகைக்குக் கொடுப்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். எனக்கு ஒத்திகைக் காலம் முழுக்க எடுக்க வேண்டியிருந்ததால் அந்த வழியை விட்டேன்.

ஹீலியோஸ் 44-2 பற்றியும் விசாரித்தேன். சோவியத் காலத்து 58 எம்எம் எஃப்/2, பின்னணி சுழல்வதுபோல் கரைவதற்குப் பெயர்போனது. அது எம்42 திருகு மவுண்ட் (மவுண்ட் என்பது லென்ஸ் கேமராவில் பொருந்தும் வாய்). லென்ஸின் அடிவிளிம்பிலிருந்து ஃபிலிம் வரை அதற்கு 45.46 மி.மீ. வேண்டும். கேனன் ஈஎஃப் கேமராவில் இந்தத் தூரம் 44 மி.மீ., ஆகவே இடைவெளியை ஒரு மெல்லிய வளையம் நிரப்பிவிடும். நிக்கான் எஃப் மவுண்டில் 46.5, வளையம் போட இடமே இல்லை, கண்ணாடி இல்லாத வளையம் போட்டால் தூரத்தில் இருப்பது ஃபோகஸ் ஆகாது. நிக்கான்காரர்கள் இதைத் தெரிந்துகொண்டு வாங்க வேண்டும். எனக்குக் கேமரா பொருந்தினாலும் வேலை பொருந்தவில்லை. 1500டி-யின் வியூஃபைண்டர் சிறியது. ஆடும் பெண்ணின் கண்ணை அதில் கையால் ஃபோகஸ் செய்ய என் கண்ணுக்குப் பலமில்லை.

ஆக, முகத்துக்கு 50 எம்எம். அதே லென்ஸை நகைக்கு நெருங்க வைப்பது எப்படி என்பதுதான் மீதி.

அதற்கு மூன்று வழிகள் உண்டு. லென்ஸின் முன்னால் திருகும் குளோஸ்-அப் ஃபில்டர் முதல் வழி. நாலு கண்ணாடிகள் கொண்ட செட் சில நூறு ரூபாய்க்கே கிடைக்கும். +4 என்று எழுதியது 50-இல் ஏறக்குறைய 0.2 உருப்பெருக்கத்தைக் கூட்டும். நடுவில் படம் பரவாயில்லை. ஓரங்களில் குழைந்து, கல்லின் விளிம்பில் ஊதாவும் பச்சையும் கசியும். ஒற்றைக் கண்ணாடியில் அது வரத்தான் செய்யும். நகைக்கு விளிம்புதான் உயிர் என்பதால் இதை ஒதுக்கினேன். இரண்டு மூன்று கண்ணாடிகளைச் சேர்த்து இந்தக் கசிவைத் திருத்திய ரேனாக்ஸ் 150, 250 போன்றவை வேறு ரகம், நிஜமாகவே நல்லவை. உங்கள் பெட்டியில் 55-250 ஜூமும் வந்திருந்தால் புது லென்ஸே வாங்காதீர்கள். அதன் முன்னால் ரேனாக்ஸ் 150-ஐ மாட்டினால் 250-இல் 1:1-ஐத் தாண்டும், 20 செ.மீ. தள்ளியும் நிற்கலாம். முகத்துக்கும் அந்த ஜூமே தள்ளி நின்று எடுக்க உதவும்.

லென்ஸைத் திருப்பி மாட்டும் ரிவர்ஸ் வளையம் இரண்டாவது வழி. மிக மலிவு, மிக நெருக்கம். ஆனால் கேனன் லென்ஸின் துளையைக் கேமராதான் மின்சாரத்தால் இயக்குகிறது. திருப்பினால் அந்தத் தொடர்பு அறுந்து துளை முழுக்கத் திறந்தே நிற்கும். சிலந்தி, எறும்பு எடுப்பவர்கள் துளைவளையம் உள்ள பழைய லென்ஸில் இதை அருமையாகச் செய்கிறார்கள்.

நான் எடுத்தது மூன்றாவது வழி, எக்ஸ்டென்ஷன் டியூப். கேமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவில் மாட்டும் வெறும் வளையம், உள்ளே கண்ணாடி கிடையாது. கண்ணாடி இல்லாததால் லென்ஸின் தரம் அப்படியே நிற்கிறது. கணக்கும் சுலபம்: டியூபின் நீளத்தை லென்ஸின் எண்ணால் வகுத்தால் கூடும் உருப்பெருக்கம். 50-க்கு 12 மி.மீ. டியூப் 0.24 கூட்டும், 20 மி.மீ. 0.4, 36 மி.மீ. 0.72. லென்ஸின் சொந்த 0.21-ஐச் சேர்த்தால் 12-இல் 0.45 வரை, 20-இல் 0.61 வரை, 36-இல் 0.93 வரை போகலாம். ஸ்கேலில் அளந்த நகைகளோடு ஒப்பிட்டேன். 12 போட்டால் படத்தின் அகலம் 93 மி.மீ.யிலிருந்து 50 மி.மீ. வரை, ஒட்டியாணப் பதக்கமும் ராக்கொடியும் இதில் வந்துவிடும், கேமராவை நிமிர்த்தினால் ஜிமிக்கியும் தொங்கலோடு வரும். 20 போட்டால் 56-இலிருந்து 37 வரை, நெற்றிச்சுட்டிக்கும் வகிட்டுக்கும் அளந்து தைத்த ரவிக்கை மாதிரி. மூக்குத்திக்கு 36. அதில் லென்ஸ் முகத்துக்கு நாலு விரல்கடை வரை நெருங்கும், பெண் மூச்சு விட்டாலே கண்ணாடி மங்கும். அதனால் மூக்குத்தியைக் கழற்றி, மேசைமேல் பட்டுத்துணியில் வைத்து எடுத்தேன்.

டியூப் வாங்கும்போது ஒன்றே ஒன்றில் மட்டும் காசு பார்க்கக் கூடாது. முந்நூறு நானூறுக்குக் கிடைப்பவற்றில் மின் தொடர்புப் புள்ளிகள் இருக்காது. எஸ்டிஎம் லென்ஸில் துளை மட்டுமல்ல, கையால் திருப்பும் ஃபோகஸ் வளையம்கூட மின்சாரத்தால்தான் இயங்குகிறது. தொடர்பு இல்லாத டியூபில் வளையத்தை எத்தனை சுற்றினாலும் கண்ணாடி நகராது. பொன்னிறப் புள்ளிகள் உள்ள செட்டுக்கு இரண்டாயிரத்துச் சொச்சம் ஆனது. உடல் பிளாஸ்டிக், மவுண்ட் விளிம்பு உலோகம். 50 எஸ்டிஎம் 160 கிராம்தான், அதைத் தாங்க இது தாராளம்.

லென்ஸைப் பழையதாக வாங்கினேன். அண்ணா சாலையை ஒட்டிய தெருக்களில் பழைய கேமரா வாங்கி விற்கும் கடைகள் சில உண்டு. 50 எஃப்/1.8-இல் இரண்டு தலைமுறை புழங்குகிறது. 1990-இல் வந்த இரண்டாம் பதிப்பு விலை குறைவு; ஆனால் மவுண்ட் பிளாஸ்டிக், 45 செ.மீ.க்குள் நெருங்காது, துளையைச் சுருக்கும் இதழ்கள் ஐந்து. ஒரு படி மூடினாலே பின்னால் எரியும் சீரியல் பல்புகள் ஐங்கோணமாகும். 2015-இல் வந்த எஸ்டிஎம்மில் ஏழு வளைந்த இதழ்கள், உலோக மவுண்ட், 35 செ.மீ. நெருக்கம். ஆயிரம் இரண்டாயிரம் கூட ஆனாலும் எஸ்டிஎம்மையே எடுங்கள்.

கடைக்கு ஒரு சின்ன டார்ச்சும் என் கேமராவும் கொண்டு போனேன். கடல் காற்று அடிக்கும் ஊரில் பழைய லென்ஸ் வாங்கும்போது முதல் பகை பூஞ்சை. டார்ச்சைப் பின்பக்கம் பிடித்து முன்பக்கம் சாய்த்துப் பார்த்தால், பூஞ்சை சிலந்தி நூல்போல் கிளைவிட்டுத் தெரியும். ஒன்றிரண்டு தூசு இருந்தால் கவலை வேண்டாம், படத்தில் விழாது. பூஞ்சையோ கண்ணாடிப் பூச்சையே அரித்துவிடும். முதலில் காட்டிய லென்ஸில் ஓரமாக ஒரு கிளை இருந்தது. “க்ளீன் பண்ணித் தரேன் தம்பி, ஒண்ணும் ஆகாது” என்றார் கடைக்காரர். “வேண்டாம் அண்ணா, வேற இருந்தா காட்டுங்க” என்றேன். அடுத்தது சுத்தமாக இருந்தது. எஸ்டிஎம்மில் இன்னொன்றும் பார்க்க வேண்டும். ஃபோகஸ் ஆகும்போது முன்குழல் வெளியே நீளும்; நீண்ட நிலையில் அடிபட்டிருந்தால் மோட்டார் தடுமாறும். கிட்டே ஒன்று, எதிர்ச் சாரியில் ஒரு பெயர்ப்பலகை என்று மாறி மாறி ஃபோகஸ் செய்து சத்தத்தைக் கவனித்தேன். கடைச் சுவரில் செய்தித்தாளை ஒட்டச் சொல்லி, எஃப்/1.8-இல் நேராக நின்று எடுத்து, நாலு மூலையையும் திரையில் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒரு மூலை மட்டும் குழைந்திருந்தால் உள்ளே கண்ணாடி நகர்ந்திருக்கிறது என்று பொருள். நாலும் ஒரே மாதிரி இருந்தன. ஐயாயிரத்து ஐந்நூறுக்குப் பேசி முடித்தேன்.

முகப்படத்துக்குப் பெரிய சடங்கு எதுவும் இல்லை. வடக்கு ஜன்னல் ஓரமாகப் பெண்ணை உட்கார வைத்தேன். ட்யூப் லைட்டை அணைத்தேன். இல்லாவிட்டால் ஒரு கன்னம் பச்சையடிக்கும். நிழல் விழும் பக்கம் ஒரு தெர்மோகோல் அட்டை. ஒன்றரை மீட்டரில் எஃப்/1.8 வைத்தால் தெளிவாக விழும் ஆழம் 6 செ.மீ.தான், கண் கூராக இருக்கும், ஜிமிக்கி கரைந்துவிடும். அரங்கேற்ற அழைப்பிதழில் ஜிமிக்கி கரைந்தால் அக்கா விடமாட்டாள். எஃப்/2.8-இல் அது 9 செ.மீ. ஆகிறது, ஜிமிக்கியும் ஓரளவு வடிவோடு நிற்கிறது, நாள்காட்டியும் நிறமாகக் கரைந்துவிடுகிறது. 1500டி-யின் ஒன்பது ஃபோகஸ் புள்ளிகளில் நடுப்புள்ளிதான் பலமானது, அதைக் கிட்டே இருக்கும் கண்ணில் வைத்தேன். இந்த லென்ஸில் ஆட்டம் தடுக்கும் வசதி இல்லாததால் ஷட்டரை 1/125-க்குக் கீழே இறக்கவில்லை.

நகைக்குத்தான் நேரம் பிடித்தது. டியூபை மாட்டினால் தூரத்து ஃபோகஸ் போய்விடும், 12 மி.மீ.-இலேயே லென்ஸிலிருந்து ஒரு சாணுக்குச் சற்றே அதிகம் வரைதான் எட்டும். முகம், நகை என்று மாறி மாறி எடுக்க நினைத்தால் கழற்றி மாட்டியே நேரம் போகும். முகத்தை முதலில் முடித்துவிட்டு, ஃபேனை நிறுத்தி, கேமராவைக் கீழ்நோக்கிப் பிடித்து ஒரே தடவை மாட்டிக்கொள்வது நல்லது. ஃபேன் ஓடும்போது லென்ஸ் கழற்றினால் தூசு நேராக சென்சாரில் போய் உட்காரும்.

நெருக்கத்தில் ஆழம் மிகவும் சுருங்கும். 12 மி.மீ. டியூபில் கடைசிவரை நெருங்கி எஃப்/11 வைத்தாலும் தெளிவாக விழுவது 3 மி.மீ. அளவுதான். எஃப்/22-க்கு மூடினால் ஆழம் கூடும், ஆனால் ஒளி சிதறிப் படம் முழுக்க மங்கும். நெருங்க நெருங்கத் துளை தானாகவே சிறுத்ததுபோல் ஆவதால் அந்த மங்கல் இன்னும் சீக்கிரம் வரும். எஃப்/8-க்கும் 11-க்கும் நடுவில் நின்றுகொண்டு, பதக்கத்தின் முகம் சென்சாருக்கு இணையாக இருக்கும்படி கேமராவைத் திருப்புவதில் பொறுமை காட்டினால் போதும். ட்ரைபாட், இரண்டு விநாடி டைமர், லைவ் வியூவில் (பின்திரையில்) பத்து மடங்கு பெரிதாக்கிக் கையால் ஃபோகஸ். காதில் மாட்டிய ஜிமிக்கிக்குப் பெண்ணைச் சுவரில் தலை சாய்த்து உட்காரச் சொன்னேன்.

அப்புறம் வெளிச்சம். நகைப் படத்தில் லென்ஸை விட இதற்கே அதிக மதிப்பெண் கொடுப்பேன். முலாம் பூசிய நகை தன்னைச் சுற்றி இருப்பதையெல்லாம் பிரதிபலிக்கும். வெள்ளைச் சட்டை போட்டு எடுத்தால் சட்டையும் பதக்கத்தில் தெரியும். கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டேன். ஜன்னலில் வெள்ளை வேட்டியைக் கட்டி வெயிலைப் பரவலாக்கினேன், எதிர்ப்பக்கம் தெர்மோகோல். பொன் தகதகத்தது, ஆனால் வேலைப்பாடு தட்டையாகத் தெரிந்தது. கறுப்பு சார்ட் பேப்பரை இரண்டு விரல் அகலத்துக்கு நறுக்கி ஒரு பக்கமாக நிறுத்தியதும் அன்னத்தின் கழுத்தும் இலையின் விளிம்பும் எழுந்து நின்றன. எனக்கு இந்த வேலையிலேயே மிகவும் பிடித்த தருணம் அதுதான்.

கெம்புக்கல் சிவப்பு, பட்டு சிவப்பு, அல்தா சிவப்பு. கேமராவின் மொத்த வெளிச்ச வரைபடம் (ஹிஸ்டோகிராம்) சரியாகத்தான் காட்டும், ஆனால் சிவப்பு மட்டும் தனியே நிரம்பி வழிந்து கல்லுக்குள் இருக்கும் ஒளி எல்லாம் ஒரே பூச்சாகிவிடும். மூன்று நிறங்களுக்கும் தனித்தனி வரைபடத்தைப் பார்த்து, வெளிச்சத்தை மூன்றில் இரண்டு படி குறைத்து, ரா (RAW) எனும் மூலக் கோப்பாக எடுத்தால் கல்லுக்குள்ளே ஒளி தங்கும்.

லென்ஸைப் பாத்திரக் கடையில் வாங்கிய காற்றுப்புகாத டப்பாவில், ஆரஞ்சு நிற சிலிக்கா ஜெல்லும் சின்ன ஈரப்பதமானியும் போட்டு வைத்திருக்கிறேன். ஈரப்பதம் 40-இலிருந்து 50 சதவீதத்துக்குள் நின்றால் பூஞ்சை பிடிக்காது. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஜெல் சீக்கிரம் நிறம் மாறும். சமையலுக்குப் பயன்படுத்தாத பழைய தவாவில் சிறு தீயில் சூடாக்கினால் மறுபடி வேலை செய்யும். ஏசி அறையிலிருந்து வெளியே எடுக்கும்போது ஜிப் பையில் மூடி, வெளிச் சூடு ஏறும்வரை திறக்காதீர்கள். இல்லாவிட்டால் கண்ணாடியில் பனி பூக்கும்.

லென்ஸ், டியூப், டப்பா, தெர்மோகோல், சார்ட் எல்லாம் சேர்த்து எட்டாயிரத்து ஐந்நூறைத் தாண்டவில்லை. மீதியை அச்சுக்கு வைத்தேன். கேமராவின் படம் 6000-க்கு 4000 புள்ளிகள் என்பதால் அங்குலத்துக்கு 300 கணக்கில் 20 அங்குல அகலம் வரை கூராக அச்சாகும். ஆல்பத்தின் இரட்டைப் பக்கத்துக்கு அது போதும்.

டியூபால் எடுக்க முடியாத ஒன்றும் உண்டு, ஆடும் காலின் சலங்கை. அடவு போடும்போது 3 மி.மீ. ஆழத்தில் எந்த மணியும் நிற்காது. அதற்கு டியூபைக் கழற்றிவிட்டுத் தரையில் குப்புறப் படுத்து, வெறும் 50-ஐ முக்கால் மீட்டரில் வைத்து, எஃப்/4, ஷட்டர் 1/500, ஐஎஸ்ஓ 1600 என்று எடுத்து, பிறகு வெட்டிக்கொண்டேன்.